மாலை ஏழு மணிக்கு மட்டும் வேண்டாம்

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். மின்சாரக் கார்களுக்கு மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையே மின்னேற்றலாம் என்று மின்தூக்கி அருகே அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். அப்போதுதான் காவலாளி கீழே இருப்பாராம். அந்த நேரத்தை மாற்றக் கேட்டே இம்மடல்.

சென்ற கூட்டத்தில் ஒருவர், "மின்சாரக் காருக்கும் புகை உண்டு, அது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் போகிறது" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் என்றால், கிலோமீற்றருக்குச் சுமார் 150 கிராம். மின்சாரக் காருக்கு 100 கிலோமீற்றர் ஓட 15 அலகு (யூனிட்) மின்சாரம் போதும். ஆனால் நிலக்கரியில் பிறக்கும் அலகு ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு கிலோ வாயு. அதே 150 கிராம்! பற்றரி செய்தபோது வெளியான சில தொன் வாயு, கார் துறைமுகத்தில் இறங்கும் முன்பே கடனாக ஏறிவிடுகிறது. (பெற்றோலும் கடனாளிதான். தோண்டி, கப்பலேற்றி, சுத்திகரித்து, பவுசரில் காலி வீதிக்குக் கொண்டுவருவதற்குள் எவ்வளவு புகை!)

என்றாலும் எல்லா அலகும் நுரைச்சோலைப் பிள்ளை அல்ல. விக்டோரியா அணையின் நீரும் கூரைகளின் வெயிலும் அதே கம்பியில்தான் வருகின்றன. எது வருகிறது என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கிறது. மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சநேரம். எண்ணெய் எரிக்கும் நிலையங்களையும் ஓடவிட்டுச் சமாளிக்கும் நேரம். பகலிலோ 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் சூரிய மின்சாரம் மிஞ்சிப்போய், கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டது. நாமோ மிஞ்சிய நேரத்தில் பூட்டிவைத்து, தட்டுப்பாடான நேரத்தில் திறக்கிறோம்.

என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் கார்கள் பகல் முழுதும் கீழே தூங்குகின்றன. எங்களுக்குப் பகல் 10 முதல் 3 வரை அனுமதியுங்கள். வேலைக்குப் போவோருக்கு ஞாயிறு பகலும், மற்ற நாட்களில் இரவு 10.30க்குப் பின்னும் கொடுக்கலாம். இரவு மின்சாரத்தில் நிலக்கரிப் பங்கு பெரிதுதான், ஆயினும் உச்சநேர நெருக்கடி இராது. காவலாளியை எழுப்பவும் வேண்டாம். நேரம் குறித்துத் தானே தொடங்கும் வசதி பல கார்களில் உண்டு.

மொட்டைமாடியில் மிளகாய் காயும் இடத்தை விட்டுவிட்டு, மீதியில் சூரியத் தகடு பொருத்த என்ன செலவாகும் என்றும் விசாரியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு என் மின்பட்டியல்களைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்