பேசிலோன் கொடி ஏற்றவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய ஈவோ ஜிமா தீவுப் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தீவின் சுரிபாச்சி மலை உச்சியில் கொடியை நட்ட மறுகணமே அமெரிக்க வீரர் ஜான் பேசிலோன் வீரமரணம் அடைந்தார் என்ற வரி வரும்வரை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

பேசிலோன் இறந்தது 1945 பிப்ரவரி 19, கரையிறங்கிய முதல் நாள். ஆறு பேர் கொடிக்கம்பத்தை நிமிர்த்தும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் இருக்கும் கொடி ஏறியது 23-ஆம் தேதி. ஏற்றியவர்கள், கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரீன் படையின் 28-ஆவது ரெஜிமென்ட். பேசிலோன் இருந்தது 27-இல். செத்து நான்கு நாள் ஆன மனிதரை மலையேற வைத்த பெருமை தங்கள் இதழுக்கே. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. புகழ்பெற்ற படம் ஒன்று, புகழ்பெற்ற பெயர் ஒன்று. யாரோ அவசரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

வெறும் தேதிப் பிழை என்றால் விட்டிருப்பேன். செய்யாததை அவர் கணக்கில் எழுதிவிட்டு, செய்ததை விட்டுவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. அந்தக் கரை கறுப்பு எரிமலைச் சாம்பல். பதுங்குகுழி வெட்ட வெட்டச் சரிந்து மூடிக்கொள்ளும். ஜப்பானியத் தளபதி குரிபயாஷி, கரை ஆட்களால் நிரம்பட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சுடச் சொன்னார். கான்கிரீட் அரண் ஒன்றிலிருந்து வந்த சூட்டில் பேசிலோனின் கம்பெனி நகர முடியாமல் நின்றபோது, இவர் பக்கவாட்டில் சுற்றிப்போய் அதன் தலைமீதே ஏறி, கையெறி குண்டாலும் வெடிமருந்தாலும் தனியாளாக அதை ஒழித்தார். அப்புறம், கண்ணிவெடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட டாங்கி ஒன்றுக்கு வழிகாட்டி வெளியே கொண்டுவந்தார். விமானத்தளத்தின் ஓரத்தை எட்டியபோது மோர்ட்டார் குண்டு விழுந்தது. வயது 28. இறந்தபின் தரப்பட்ட நேவி கிராஸ் பதக்கத்தின் சான்றுரையிலேயே இவ்வளவும் இருக்கிறது.

தங்கள் கட்டுரையில் டாங்கிக்கு ஒரு வரிகூட இல்லை. போர்ச் செலவுக்கான அரசுக் கடன் பத்திரம் விற்க அவர் நடிகைகளோடு ஊர் ஊராகப் போனதற்கு முழுப் பக்கம். சரி, சினிமா இல்லாமல் நமக்கு எது இறங்குகிறது? 1942-இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் போரிட்டதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர் அந்த ஊர்வலத்திலேயே காலம் தள்ளியிருக்கலாம். அதிகாரி பதவியும் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், சண்டைக்கே அனுப்புங்கள் என்று கேட்டுப் போனவர் அவர். இறந்தபோது கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

டாங்கியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நான் கடற்படையில் பதினைந்து ஆண்டு இருந்தவன். அதில் நான்கு ஆண்டு, கரையில் வண்டி இறக்கும் கப்பலில். முன்கதவு திறந்து சரிவுப் பலகை மணலில் படிந்ததும், லாரிக்கு முன்னால் ஒருவன் பின்பக்கமாகவே நடந்துகொண்டு இரண்டு கையாலும் சைகை காட்டுவான். அவன் கண் டிரைவர்மேல், டிரைவர் கண் அவன் கைமேல். தன் காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்கு வாய்ப்பில்லை. ஒரு பயிற்சியில் அந்த வேலை எனக்கு வந்தது. பின்சக்கரம் புதைந்து மணலை வாரி இறைத்தது. யாரும் எங்களைச் சுடவில்லை, வெயில் மட்டும்தான். அதற்கே நாக்கு வறண்டு, வலது எது இடது எது என்று தடுமாறினேன். கண்ணிவெடிமீது நின்று அதைச் செய்தவரின் கையில்தான் நீங்கள் கொடிக்கம்பத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அதே கட்டுரையில் அவர் ஓரிடத்தில் கடற்படை வீரர், இன்னோரிடத்தில் தரைப்படை வீரர். மரீன் என்பது தனிப்படை ஐயா. அவர் முன்பு தரைப்படையில் இருந்தது உண்மை. அது வேறு கதை. என் சம்பந்தி இன்றும் என்னை 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். அவரிடம் திருத்திச் சொல்வதை விட்டுவிட்டேன். அவர் பத்திரிகை நடத்தவில்லை.

1971 போர் சிறப்பிதழில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் என்று தாங்கள் போட்ட படம் விராட். அந்தக் கப்பல் நம் கடற்படையில் சேர்ந்ததே 1987-இல். அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. வாசகர் பக்கத்தில், அட்டைப்படம் அருமை என்ற கடிதம் வந்திருந்தது. அட்டையில் இருந்ததும் அதே விராட்தான்.

கொடி ஏற்றிய ஆறு பேரில் யார் யார் என்பதில் தவறு இருந்ததாக அமெரிக்க மரீன் படையே 2016-இல் ஒரு பெயரையும் 2019-இல் இன்னொரு பெயரையும் மாற்றியது. எழுபது ஆண்டு கழித்தும் திருத்திக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமில்லை. தங்களுக்குப் பதினைந்து நாள்தான் ஆகிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், கண்ணாடி போட்டாலும் எனக்கு அது தெரிவதில்லை.

இப்படிக்கு,
முன்னாள் கடற்படையினர் ஒருவர்,
நாகர்கோவில்

பி.கு.: சந்தாவோடு தருவதாகச் சொன்ன நாட்காட்டி இன்னும் வரவில்லை.