கோவிட் வார்டில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

2021 மே மாதம் கோவிட் வார்டில் டூட்டி பார்த்த ஸ்டாஃப் நர்ஸ்களில் நானும் ஒருத்தி. எங்கள் மனசு உடையாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த மாதம் 21ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. ஆக்சிஜன் பெட் எப்போது காலியாகும் என்று வெளியே காத்திருந்தார்கள். எப்படிக் காலியாகிறது என்று உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியும். "அப்பா, கண்ணைத் திறந்து பாருங்கப்பா" என்று வீடியோ காலில் மகள் கூப்பிட, கையுறை போட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். டூட்டி முடிந்து தனிமை அறையில் படுத்தால் மானிட்டர் சத்தம் காதில் கேட்டுத் தூக்கிப்போடும். எனக்கு அழுகையே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மனநலப் பிரிவு டாக்டர் அம்மாவுக்கு முதல் நன்றி. "தூங்கினியாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பார். "அழுகை வரலைன்னா கல்நெஞ்சம் ஆயிட்டோம்னு நினைக்காதே. தாங்க முடியாம மனசு கதவைச் சாத்திருக்கு. தானா திறக்கும்" என்றார். பேசியது வெளியே போகாது என்று அவர் உறுதி கொடுத்த பிறகுதான் பலர் வாயே திறந்தோம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை அந்தப் பேச்சுக்கு யாரும் அழைக்கவில்லை. உடல்களைச் சுற்றிக் கட்டி வெளியே எடுத்துப் போனவர்கள் அந்த அக்காக்களும் அண்ணன்களும்தான். விஷயம் தெரிந்ததும் டாக்டர் அம்மா அவர்கள் அறைக்கே போய் உட்கார்ந்தார். இதை நான் மறக்கவே மாட்டேன்.

நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேடத்துக்கு நன்றி. ஒரே ஷிப்டில் இரண்டு மூன்று இறப்பைப் பார்த்தவர்களை மறுநாள் ஐசியுவுக்கு அனுப்பாமல் ரோஸ்டரை மாற்றிப் போட்டார். ஆள் பற்றாக்குறையில் அது எவ்வளவு கஷ்டம் என்று டூட்டி போடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா. 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட் தொற்றால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கிய செய்தி வந்த பிறகு, யூனிஃபார்மோடு தெருவில் நடக்கவே கூசியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று தோழிகள் அழுதார்கள். எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மாவோ கேட்டில் ரசமும் சோறும் தூக்குவாளியில் மாட்டிவிட்டு, மாடியிலிருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

நடுராத்திரியில் 104 மருத்துவ உதவி எண்ணில் அவசரப்படுத்தாமல் பேசிய ஆலோசகர்களே, உங்கள் முகம் தெரியாது. உங்களுக்கும் என் நன்றி.

அந்த நாட்களைப் பற்றி இன்னும் வாய் திறக்காத நர்ஸ்கள் எங்களோடு இருக்கிறார்கள். தயங்காமல் 104க்குக் கூப்பிடுங்கள். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்