செயலாளரின் ஆண்டறிக்கை 2025: நோயாளிப் பாதுகாப்பும் தாதிமைப் பராமரிப்பின் தரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். இரவுப் பணியை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருப்போருக்குத் தனி நன்றி. 2025ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நம் தாதியர் சங்கம் ஆற்றிய பணிகளைச் செயற்குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தபடி, மேடை நிகழ்ச்சிகளை இவ்வாண்டு குறைத்துக்கொண்டு, சமூக மன்ற அறைகளில் சிறு குழுக்களாக அமர்ந்து நோயாளிப் பாதுகாப்பைப் பற்றி உரையாடினோம். வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் போக, அழைத்து வந்த பேச்சாளருக்குக் கால் மணி நேரமே மிஞ்சுகிறது என்று உறுப்பினர்கள் பலகாலமாகக் குறைப்பட்டு வந்தது நியாயமே. இந்த உரையாடல்களுக்கு வகுத்த விதி ஒன்றுதான்: மருத்துவமனை, நோயாளி, சக ஊழியர் எவருடைய பெயரையும் சொல்லாமல், நடந்தது என்ன, அதற்கு இடம் கொடுத்தது எது என்று மட்டும் பேச வேண்டும். யார் செய்தது என்ற கேள்வி எழுந்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார் என்பதைப் பணியிடத்தில் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

அதிகம் பேசப்பட்டது நோயாளியின் அடையாளத்தை உறுதிசெய்யும் முறையைப் பற்றித்தான். மருந்து கொடுப்பதற்கும் இரத்தம் எடுப்பதற்கும் ஏற்றுவதற்கும் முன்னர் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதும், படுக்கை எண் அக்கணக்கில் சேராது என்பதும் பயிற்சிக் காலத்திலேயே நாம் படித்தவை. இருந்தும், வேலை நெருக்கடியில் “நீங்கள்தானே ராமசாமி?” என்று கேட்டுவிடுகிறோம். காது மந்தமான பக்கத்துப் படுக்கைத் தாத்தாவும் அதற்குத் தலையாட்டிவிடுவார். “ஐயா, உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள், பிறந்த தேதியையும் சொல்லுங்கள்” என்று கேட்டு, அவர் வாயால் வந்ததைக் கைப்பட்டையோடு ஒப்பிடுவதே முறை.

தமிழ் நோயாளிகளிடத்தில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அடையாள அட்டையில் எஸ்-ஓ (இன்னாரின் மகன்), டி-ஓ (இன்னாரின் மகள்) என்பவற்றுக்குப் பின்னால் வரும் தந்தையின் பெயரையே குடும்பப்பெயர் என்று எண்ணிக்கொண்டு, மற்ற இனத்துச் சக ஊழியர்கள் நோயாளியை அப்பெயரால் அழைப்பதுண்டு. முனியாண்டி மகன் சுப்பிரமணியமும் சுப்பிரமணியம் மகன் முனியாண்டியும் ஒரே வார்டில் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது எல்லாரும் சிரித்தனர். பிறகு ஒவ்வொருவராகத் தத்தம் வார்டில் கண்டதைச் சொல்லத் தொடங்கியதில், அன்றைய கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டியும் நீண்டது. சில முதியவர்களுக்கு அட்டையில் இருக்கும் பிறந்த தேதி ஒன்றாகவும், வீட்டில் சொல்லிவந்தது வேறொன்றாகவும் இருப்பதால், தேதி பொருந்தவில்லை என்றவுடன் அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று முடிவுகட்டாமல், அடையாள அட்டை எண்ணைக் கொண்டும் குடும்பத்தாரைக் கேட்டும் தெளிவுபெற வேண்டும் என்பது அன்றைய உரையாடலில் எட்டிய கருத்து.

மருந்துப் பாதுகாப்பைப் பற்றிய கூட்டம் பெரும்பாலும் இன்சுலினைச் சுற்றியே அமைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் மருந்தால் விளையும் தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்பைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் 2017இல் உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது நினைவிருக்கும். இன்சுலின் அளவின் அலகைக் குறிக்கும் யூ என்ற ஆங்கில எழுத்தை எண்ணுக்குப் பின்னால் கையால் எழுதினால், அது சுழியமாகப் படிக்கப்பட்டு 4 அலகு 40 அலகாகிவிடக்கூடும். கணினிவழி மருந்துச் சீட்டு வந்தபின் மருத்துவமனையில் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டில் பணிப்பெண்ணுக்காகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் துண்டுச்சீட்டை எந்தக் கணினியும் சரிபார்ப்பதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, தைப்பூசம், ரமலான் நோன்பு ஆகிய காலங்களில் உணவைத் தவிர்க்கும் முதியவர்கள், அதைத் தாமாகச் சொல்வதில்லை என்பதையும் பலர் குறிப்பிட்டனர். “பசியில்லை” என்று தட்டை ஒதுக்கிவிட்டு ஊசிக்கு மட்டும் கையை நீட்டுவார்கள். ஊசி போடும் முன் சாப்பிட்டாரா என்று பார்ப்பதோடு, விரதமா என்றும் கேட்கத் தமிழ்த் தாதிக்குத் தோன்றும். அந்தக் கேள்வி எல்லாத் தாதியருக்கும் பழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து. சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடக்கூடும்; அது லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால், விழிப்புடன் விழுங்கக்கூடியவருக்கு விரைவில் கரையும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கும் முறையைப் பராமரிப்பாளர்களுக்குத் தமிழில் செய்துகாட்டினோம்.

அடுத்து, தடுக்கி விழுதல். அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை அழுத்தாமல், நள்ளிரவில் தனியாகக் கழிப்பறைக்குக் கிளம்பிய ஒரு பாட்டியைக் கட்டில் ஓரத்திலேயே தடுத்து உட்காரவைத்த உறுப்பினரிடம் அவர் சொன்ன பதில்: “நீயே ஓடிக்கிட்டு இருக்கே, உன்னைப் போய்க் கூப்பிடுவானேன்னு இருந்துட்டேன்மா.” விழும் அபாயம் என்று தலைமாட்டில் அட்டை தொங்கவிடுவதால் இத்தகையவரை நிறுத்த முடியாது. படுக்கைக்குப் போகும் முன்பும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்தபின்பும், விடியற்காலையிலும் நாமே சென்று கேட்டு அழைத்துப் போவதுதான் பயன்தரும் என்று உறுப்பினர்கள் கூறினர். ஆள் பற்றாக்குறை உள்ள இரவில் இது எப்படிச் சாத்தியம் என்று இளம் தாதி ஒருவர் கேட்டார். அதற்குச் சங்கத்தால் விடை சொல்ல இயலாது; அக்கேள்வியை இங்கே பதிவு செய்வது என் கடமை.

பணி ஒப்படைப்பு, கை சுத்தம், படுக்கைப் புண் தடுப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கூட்டங்கள் நடந்தன. தொலைபேசியில் பெறும் மருந்து உத்தரவை எழுதி, திரும்பப் படித்துக்காட்டி உறுதிசெய்யும் பயிற்சியில் மூத்த உறுப்பினர்களே அதிகம் ஆர்வம் காட்டினர்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி தாதியர் தினம். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் 1885இல் பொது மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கியதே சிங்கப்பூரில் தாதிமையின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதால், இவ்வாண்டு அது 140ஆம் ஆண்டாக அமைந்தது. எளிய தேநீர் விருந்துடன் கொண்டாடினோம். செப்டம்பர் 17ஆம் தேதி உலக நோயாளிப் பாதுகாப்பு தினத்தின் இவ்வாண்டுக் கருப்பொருள் பச்சிளங்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்குமான பாதுகாப்பான பராமரிப்பு. நம் உறுப்பினர்களில் குழந்தைகள் பிரிவில் பணிபுரிவோர் சிலரே என்றாலும், எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிடுவதை அவர்கள் விளக்கியது மற்றவர்களுக்கும் பயன்பட்டது. பத்துக் கிலோ குழந்தைக்குத் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்தளவு பத்து மடங்காகும் என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது எவரும் குறிப்பெடுக்கத் தவறவில்லை.

தாதிமை இல்லங்களில் பணிபுரியும் உறுப்பினர்கள் கூட்டங்களுக்கு வர இயலாத நிலை இவ்வாண்டும் தொடர்ந்தது. அவர்களுடைய பணிநேரத்திற்கு ஏற்பப் பிற்பகலில் ஒரு குழுவை அமைக்கச் செயற்குழு இசைந்துள்ளது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு. நோயாளி அழைக்கப்பட விரும்பும் பெயர், தந்தை பெயர், விரத நாள்கள், உட்கொள்ளும் நாட்டு மருந்துகள், படிக்கத் தெரிந்த மொழி ஆகியவற்றைக் குடும்பத்தாரே நிரப்பி, மருத்துவமனையில் சேரும்போது தாதியிடம் கொடுக்கத்தக்க ஓர் அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, முதியோருக்கான துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் வழியாக விநியோகிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. அட்டையின் வரைவு வாசலில் உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளது. திருத்தங்களைக் கூட்டம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்கலாம். இந்த முன்மொழிவுக்கு ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்