பவர் ஏற்றும் முன் கம்ப்ரெஷன் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் காரை வாங்கின கையோடு, பவர் ஏற்ற ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), பெரிய சைலன்சர் என்று கிளம்பிவிடுகிறார்கள் நம் ஊட்டி, குன்னூர் பையன்கள். முதலில் இன்ஜின் அதைத் தாங்குமா என்று பாருங்கப்பா.

இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் கோயம்புத்தூரில் வரும் அளவு இங்கே வராது, அதைப் பார்த்துப் பயந்து இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

அப்புறம் ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், கிளட்ச். பிரேக்கை மறக்கவே கூடாது, கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே!

பவர் ஏற்றித் தரும் ஒர்க்‌ஷாப்காரர்கள் இந்தக் கம்ப்ரெஷன் அளவுகளைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

– வாசகர், குன்னூர்