ஒலிபெருக்கி வேண்டாத அரங்கம்

ஆசிரியருக்கு,

சென்னையின் பழைய அரங்குகளைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, குளிர்சாதனம், விளக்குகள் பற்றி விரிவாகப் பேசியதே தவிர, ஒலியைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1896-இல் நிறைவுற்ற எழும்பூர் மியூசியம் தியேட்டரில், மேடையைச் சுற்றி அரைவட்டமாகப் படிப்படியாக உயர்ந்து செல்லும் இருக்கைகள் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத காலத்தில், மேடையில் பேசுவதும் பாடுவதும் கடைசி வரிசை வரை தெளிவாகச் சென்று சேர அந்த அமைப்பே துணைநின்றது. இத்தகைய கூடத்தில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து அலற விடுவது (நம் சபாக்களுக்கு இது பழகிப்போன ஒன்று) கட்டடக் கலைஞரின் உழைப்பையே வீணாக்குவதாகும்.

ஒலிபெருக்கி இல்லாமல் சிறிய கூடமொன்றில் நடந்த வீணைக் கச்சேரியைப் பின்வரிசையிலிருந்து கேட்டபோது, சுண்டுவிரல் தாளத் தந்தியைத் தொடும் மெல்லிய ஓசைகூட என் காதில் விழுந்தது. எனவே, பழைய அரங்கு எதிலும் சுவரையோ தளத்தையோ கூரையையோ மாற்றுமுன் ஒலியியல் வல்லுநர்களைக் கொண்டு அளவீடு செய்வதுடன், மாதம் ஒரு கச்சேரியையாவது ஒலிபெருக்கியின்றி அங்கே நடத்த அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- வாசகர், புரசைவாக்கம், சென்னை