பருவ இறுதிக் கடிதம்: மரபுத்தொடர் நோட்டைப் பற்றியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் முடிய இன்னும் சில நாட்களே இருக்கின்றன. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்புகளும் பங்கேற்றன. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் வென்றவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் என் வாழ்த்துகள். விடுமுறைத் தேதிகள் டைரியில் உள்ளன.

இன்னொரு விஷயத்தையும் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கில மரபுத்தொடர்களுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறோம். வாரத்துக்கு 3 தொடர்கள். அவற்றின் பொருள், எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்ற குறிப்பு, சொந்தமாக ஒரு வாக்கியம். வீட்டுப்பாடம் அவ்வளவுதான். போன வாரம் அந்த நோட்டுகளை நானும் ஆங்கில ஆசிரியர்களும் உட்கார்ந்து படித்தோம். இதற்காக நீங்கள் எவ்வளவு நேரம் செலவிட்டிருக்கிறீர்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. அப்படித் தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பல நோட்டுகளில் பிள்ளையின் கையெழுத்து அட்டையில் மட்டுமே இருக்கிறது. சில வீடுகளில் வாரத்துக்கு 3 என்பது 30 ஆகியிருக்கிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பட்டியல் போட்டால், மறுநாள் அதைவிட நீளமாக இன்னொன்று வருகிறது. ஒரே வகுப்பில் பல நோட்டுகளில் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டித் தீர்ப்பது) என்பதற்குக் கீழே ஒரே கதை, எழுத்துப் பிசகாமல் இருந்தது: அந்தக் காலத்தில் நாயும் பூனையும் கூரையில் படுத்திருக்கும், மழை வந்தால் வழுக்கி விழும், அதனால் இப்படிச் சொன்னார்கள் என்று. இது 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை. 1653-இல் அச்சான ஒரு நாடகத்திலேயே இதைப் போன்ற தொடர் வருகிறது. 1738-இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் இன்று நாம் சொல்லும் வடிவத்திலேயே எழுதியிருக்கிறார். ஏன் நாயும் பூனையும் என்பதற்கு உறுதியான விடை எந்த அறிஞரிடமும் இல்லை. 'தோற்றம் தெரியவில்லை' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்போம்.

அடுத்துச் சொல்வதற்கு எனக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. பெயரையும் வகுப்பையும் சொல்லப்போவதில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவரின் தந்தை இந்தப் பருவத்தில் காலமானார். வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆறுதல் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரு பிள்ளை, 'உங்கள் அப்பா கிக் த பக்கெட் செய்தது அறிந்து வருந்துகிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தோம். பெரியவர் ஒருவரின் அழகான கையெழுத்தில், 'கிக் த பக்கெட்: இறத்தல்' என்று இருந்தது. அகராதிப் பொருள் சரிதான். ஆனால் அது கொச்சை வழக்கு. 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியிலேயே இடம்பெற்றது. துக்க வீட்டுக்குப் போய், 'உங்கப்பா மண்டையைப் போட்டுட்டாராமே' என்று கேட்டால் எப்படி இருக்கும்? நம் பிள்ளைகள் தமிழில் அப்படி ஒருநாளும் கேட்க மாட்டார்கள். யார் யாரிடம் எந்தக் குரலில் அதைச் சொல்வார்கள் என்பதைப் பிறந்ததிலிருந்து காதால் கேட்டு வளர்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் காது இன்னும் வளரவில்லை. அதை வளர்க்கத்தான் இந்த நோட்டு. 'எந்தச் சமயத்தில் சொல்வார்கள்' என்ற பத்திதான் அதில் முக்கியம். பெரும்பாலான நோட்டுகளில் அந்தப் பத்தி காலியாக இருக்கிறது, ஏனென்றால் போனில் தேடினால் அது சட்டென்று கிடைப்பதில்லை.

அந்த ஆசிரியர் துளியும் கோபப்படவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இதமாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தான் எழுதியது என்னவென்று புரிந்ததும் அந்தப் பிள்ளை அழுத அழுகையை நான் நேரில் பார்த்தேன். தன் தவறே இல்லாத ஒன்றுக்காக ஒரு குழந்தை அப்படி அழக் கூடாது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவம் முதல், பிள்ளை தன் கையால் எழுதாத பக்கம் திருத்தப்படாது. 3 தொடர்களுக்கு மேல் எழுதினால் கூடுதல் மதிப்பெண் கிடையாது. பட்டியல்களைக் குழுவில் பகிர வேண்டாம். மதிப்பெண் குறைந்தது ஏன் என்று இரவு நேரத்தில் ஆசிரியர்களைப் போனில் அழைப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் பள்ளி நேரத்தில் என்னிடம் வாருங்கள். பிள்ளையின் பிழைகள் எங்களுக்கு வேண்டும். அவற்றைப் பார்த்தால்தான் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆங்கிலம் பேசத் தடுமாறி எங்கோ கூனிக் குறுகி நின்ற ஒரு நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது பிள்ளைக்கு வரக் கூடாது என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்குக் கீழே, கோணல்மாணலான எழுத்தில், 'பாட்டி சொன்னாங்க: அத்தி பூத்த மாதிரி' என்று இருந்தது. அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் வரும் விருந்தாளியைப் பற்றி அப்படிச் சொல்வார்கள் என்று பேரன் விளக்கியிருக்கிறான், பாட்டி அடுத்த நொடியே தமிழில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நிலா பொதுவாக நீலமாகத் தெரிவதில்லை, ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவை ப்ளூ மூன் என்கிறார்கள், அத்திப் பூவும் காய்க்குள்ளேயே மலர்வதால் கண்ணில் படுவதில்லை என்று அவனே தேடிப் படித்து இரண்டு வரி சேர்த்திருந்தான். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள். பருவம் முழுக்க நாங்கள் பார்த்ததிலேயே சிறந்த பக்கம் அதுதான்.

உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவே. பிள்ளை ஒரு தொடரைச் சொன்னால், 'இதை யார்கிட்ட சொல்லலாம், யார்கிட்ட சொல்லக் கூடாது? நம்ம பேச்சுல இதுக்கு என்ன சொல்லுவோம்?' என்று கேளுங்கள். ஒத்த தொடர் அகப்படவில்லை என்றாலும் பரவாயில்லை, அந்தப் பேச்சு நடந்தால் போதும்.

நோட்டுகள் திங்கட்கிழமை வீட்டுக்கு வரும். திருத்த வேண்டாம், பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் பாட்டிக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்