மின் கட்டணக் கணக்கு விளங்கும்படி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை முடிந்து வீடுகளுக்கு மின் கட்டணம் வரும்போதெல்லாம், 'கரண்ட் பில் எப்படி இவ்வளவு ஏறியது?' என்ற கேள்வி எழுகிறது. மீட்டர் மீது சந்தேகப்படுவோரே அதிகம். உண்மையில் பல வீடுகளில் விடை மீட்டரில் இல்லை, கட்டண அடுக்குகளில் இருக்கிறது. அந்த அடுக்குகளோ நுகர்வோரின் பார்வைக்கு எளிதில் வருவதில்லை.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின் கட்டண விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.25, அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு ரூ.4.50, கடைசி 100 யூனிட்டுக்கு ரூ.6. ஆக, 500 யூனிட்டுக்கு ரூ.1,725. ஆனால், 501 யூனிட் ஆகிவிட்டால் கட்டணம் ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.8தான்; எல்லையைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை பறிபோவதால்தான் மீதி ரூ.225 சேர்கிறது. பின்னர் விகிதங்கள் உயர்ந்தாலும் இந்த 500 யூனிட் எல்லை அப்படியே நீடிக்கிறது.

நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் ஒரு வீட்டில் 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், கட்டணம் ரூ.1,605, கணக்கீட்டாளர் ஐந்து நாள் பிந்தி வந்தால் 520 யூனிட், மேற்கண்ட விகிதப்படி ரூ.2,110. ஆகவே, எத்தனை நாள்களுக்கான கணக்கு என்பது பில்லில் கண்ணில் படும்படி இருப்பது மிகவும் அவசியம்.

வெள்ளை அட்டையில் கணக்கீட்டாளர் கைப்பட எழுதிய காலத்தில், முந்தைய அளவீட்டையும் புதிய அளவீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிந்தது. இன்று பெரும்பாலோர் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் தொகையையும் கடைசித் தேதியையும் மட்டுமே பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். விகிதப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது என்பது சரியான பதிலாகாது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் அதைத் தேடி எடுத்துக் கணக்குப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை யூனிட், என்ன விலை, எவ்வளவு ரூபாய் என்பது தமிழில் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். அரசு ஏற்கும் மானியத் தொகை தனி வரியாகவும், சென்ற ஆண்டு இதே காலத்தில் ஆன யூனிட் அதனருகிலும் இருக்கட்டும். 500-ஐத் தாண்டியவர்களுக்கு, அதனால் கூடிய தொகை இவ்வளவு என்று ஒரு வரி போதும். ஏ.சி.சி.டி. என்ற சுருக்கெழுத்துக்குப் பதிலாக 'கூடுதல் வைப்புத்தொகை' என்றே எழுதினால், அதையும் மின்சார விலை என்று எண்ணிக் குழம்புவோர் குறைவார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை கட்டணத்தைக் கணக்கிடும்போதே கிடைத்துவிடும் எண்கள்தான். கட்டண விகிதத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அடுத்த கட்டண ஆணையுடன் பில்லின் மாதிரிப் படிவத்தையும் இணைத்து வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின் நுகர்வோர் ஒருவர்,
மதுரை.